அஸ்வெஸ்தாவின் படகுக்காரி

"ஏய், நீலத் தொப்பி! அங்க என்ன முத்தா கொட்டிக் கெடக்கு? திரும்புய்யா!"

மணலில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே சம்பேத்தா கத்துகிறாள். நீலத் தொப்பிக்காரர் எந்த ஊர் நீதிபதியோ, பேராசிரியரோ; கிரேக்கம் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் பாறைமுனைக்கு முன்பே திரும்பி நீந்துகிறார். அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

எங்கள் தீவின் அஸ்வெஸ்தா கடற்கரைக்குச் சாலை கிடையாது. துறைமுகத்திலிருந்து படகில்தான் போகவேண்டும். மற்றப் படகுக்காரர்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, என் கடை வாசலில் சீட்டாடுவார்கள். சம்பேத்தா மட்டும் பொழுது சாயும்வரை அங்கேயே இருப்பாள். வெங்காயத்தை முழங்காலில் வைத்துக் கையால் குத்தி உடைத்து, ரொட்டியோடும் உப்பு மத்தியோடும் தின்பாள். கண் மட்டும் தண்ணீரை விட்டு நகராது.

"என்ன சம்பேத்தா, கோழிக்குஞ்சு எல்லாம் பத்திரமா?" என்று சீட்டாடுகிறவர்கள் சீண்டுவார்கள்.

"எல்லாம் பத்திரம். உன்னைத்தான் இன்னும் பருந்து தூக்கல. அதுதான் வருத்தம்."

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எங்கள் தீவில் சாகும்வரை கறுப்புதான் உடுத்துவாள். சம்பேத்தா ஆரஞ்சு நிறச் சட்டை போடுகிறாள். பாதிரியாரே ஒருமுறை கேட்டுவிட்டார். "கறுப்புல நின்னா என் படகுல எவன் சாமி ஏறுவான்? வேற படகுல போவான். அவனை யாரு பாத்துக்கறது?" என்றாள்.

முன்பு அந்தப் படகை ஓட்டியவன் அவளுடைய ஒரே மகன் யோர்தானிஸ். ஒரு செப்டம்பரில், பாறைமுனை நீரோட்டத்தில் டென்மார்க்காரி ஒருத்தி மாட்டிக்கொண்டாள். அவன் குதித்து அவளைப் பாறைமேல் தள்ளி ஏற்றினான். அவனை நீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆள் அரவமில்லாத இடம் என்றுதான் எல்லோரும் அஸ்வெஸ்தாவைத் தேடி வருகிறார்கள். அன்றைக்கும் ஆள் அரவம் இல்லை. அவன் கத்தியதைக் கேட்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். பிறகு மீன் வலையில்தான் கிடைத்தான்.

காரியம் முடிந்த கையோடு சம்பேத்தா பாறையில் சிவப்புச் சாயத்தால் 'இங்கே சாவு' என்று எழுதினாள். மேட்டில் விடுதி நடத்துகிறவர் கோடைக்கு முன்பே ஆள் விட்டுச் சுரண்டிவிட்டார்.

"ஜனங்க பயந்துக்குவாங்க அக்கா."

"பயப்படட்டும்னுதானே எழுதினேன்?"

மறுவாரமே படகின் சுக்கானைப் பிடித்துவிட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் அந்த டென்மார்க்காரி என் கடைக்கு வந்தாள். பெயர் சிக்னே. யோர்தானிஸின் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றாள். கப்பலில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கூட்டிப்போனேன். யார் என்று சொன்னதும் சம்பேத்தா படகை அவிழ்த்தாள்.

அஸ்வெஸ்தாவில் எங்களைத் தவிர யாருமில்லை. சிக்னே அழுதாள். வர இவ்வளவு காலம் தைரியமில்லை என்றாள். சம்பேத்தா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான். யோர்தானிஸ்னுதான் பேர் வெச்சிருக்கேன்," என்றாள் சிக்னே.

நான் அதைக் கிரேக்கத்தில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அப்போதே தோன்றியது.

"பந்தேலி, இவளக் கேளு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவன் திரும்பிப் பாக்கறானா?"

கேட்டேன். சிக்னே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "விளையாட்டுல இருந்தா பாக்கமாட்டான்."

"என் பையனும் அப்படித்தான்," என்றாள் சம்பேத்தா.

சிக்னே கைபேசியில் பையனின் படத்தைக் காட்டினாள். சணல் நிறத் தலைமுடி. ஏதோ வடக்குக் கடலில், முழங்கால் ஆழத்தில், சிரித்துக்கொண்டு நிற்கிறான். சம்பேத்தா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தடித்த ஆள்காட்டி விரலைப் பையன்மேல் வைத்து, மெல்ல மணல் பக்கமாக இழுத்தாள். கடலும் கரையும் பையனுமாகப் படம் முழுவதும் நகர்ந்தது. விரலை எடுத்து, மறுபடியும் அவன்மேல் வைத்தாள்.