பாதிரியாரின் சமையல்காரி

பொறாமை என்றால் என்னவென்று எனக்கு 2012இல், மெல்பர்னின் கிளேட்டனில்தான் தெரிந்தது. அதற்குமுன் எனக்கு வந்ததெல்லாம் சும்மா எரிச்சல்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு, இங்கே ஒரு பாதிரியாரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனடாவில் இருந்தவர். பங்கு மக்கள் பேசும் பிரெஞ்சு பிழை என்று, பிழையான சொற்களையும் சரியானவற்றையும் அடுக்கிப் புத்தகம் போட்ட மனிதர். மூன்று வருடம் அவரோடு மாரடித்தும் புதிதாக ஒரு வரி சொல்ல முடியவில்லை. இந்த வருடமும் ஒன்றும் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவள் யாழ்ப்பாணத்துக்காரி. படகில் வந்தவள், தற்காலிக விசா, அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அந்தப் பிழைப் பட்டியலைத் தமிழில் சொல்லிப் புலம்பினேன். சட்டி, அகப்பை, அடுப்புச் சாம்பல், புளித்த மாவு.

"குசினிச் சொல்லெல்லாம் சுவாமியாருக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "எங்கட சுவாமியாருக்கு என்ர பெரியம்மாதான் சமைச்சவ. இவருக்கும் ஆரோ ஒரு மனுசி சமைச்சிருப்பா. அவ கதைச்சதைத்தான் பிழையெண்டு எழுதியிருக்கிறார்."

சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டாள். பிரெஞ்சில் ஒரு எழுத்துத் தெரியாதவளுக்கு இது எப்படித் தோன்றலாம்? வயிறு எரிந்தது.

மறுநாளே பாதிரியாரின் பழைய கடிதங்களைத் தேடினேன். தன் சமையல்காரி வாய் ஓயாதவள், அவள் பேசும் பிழைகளைக் குறித்து வைக்கிறேன் என்று அவரே எழுதியிருந்தார். ஊரே பேசியதாக நாங்கள் நம்பிய பிழைகளில் பாதி அந்த ஒருத்தியின் பேச்சு என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். பாராட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆய்வேடு அச்சாகி வந்தது. வீட்டில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஆங்கிலத்தில் இருந்த நன்றிப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பேராசிரியர், நூலகத்தார், என் அப்பா எல்லாரும் இருந்தார்கள். அவள் பெயரை முதலில் எழுதி, பிறகு நானே அழித்திருந்தேன். பெயர் இருந்தால் எதற்கென்று யாராவது கேட்பார்களே.

"அந்த மனுசியின்ர பேர் கிடைச்சதோ?" என்று கேட்டாள்.

"இல்ல. அவர் எங்கேயும் எழுதல."

"ஓம், எழுதியிருக்க மாட்டார்" என்று சொல்லி, ஏட்டை மூடி என் கையில் தந்தாள்.