மழையில் நடந்த தட்டுகள்

1. சட்டைப்பைக்குள் ஒரு கம்பனி

கற்பிட்டிக் கடற்கரையில் மீன் காயவைக்கும் ரியாஸ் நானாவின் கருவாட்டு வாடிக்குப் போன முதல் நாள், இப்போது என்ன சிஸ்டம் பாவிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். ஓடர்கள் வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வரும். அவர் "ஓம்" என்று ஒப்புக்கொண்டு பதில் போடுவார். சரக்கு இருக்கிறதா என்பதை அதன் பிறகுதான் எழும்பிப் போய்ப் பார்ப்பார்.

நான் சிலாபத்துப் பெண். கொழும்பில் மென்பொருள் கம்பனியொன்றில் வேலை பார்த்துவிட்டு, இந்தக் கரையோரத்துச் சிறு நிறுவனங்களுக்கு சிஸ்டம் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தேன். இதே வேலைக்கு வரப்போகும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நானா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. கொழும்பு சூப்பர்மார்க்கட் ஒன்று அவருடைய கருவாட்டைப் பைக்கற்றில் வாங்கத் தயாராக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான். எந்தப் பைக்கற்றை எடுத்தாலும் அது எந்தப் படகின் மீன், எப்போது உப்புப் போட்டது, எந்தத் தட்டில் காய்ந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சோதிக்க அவர்களுடைய தர அதிகாரி நேரில் வருவார்.

அந்த ஓடரை நம்பி நானா, பைக்கற்றில் அடைக்கப் புதிதாகப் பொதி அறை கட்டி, பெண்களை வேலைக்கு எடுத்துவிட்டார். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் நபீசா ராத்தா; ரியாஸ் எல்லோருக்கும் அண்ணனாக நானா, இவர் அக்காவாக ராத்தா. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போவதற்காக பாஸ்போட் எடுத்து வைத்திருந்தவர், பள்ளிக்கூடம் போகும் மகளை விட்டுப் போக மனமில்லாமல் இங்கே சேர்ந்தவர். ஓடர் கிடைக்காவிட்டால் அறையை மூட வேண்டும். ராத்தா குவைத்துக்கு விமானம் ஏற வேண்டும். சிஸ்டம் ஒருமுறை நின்றால் போதும், "தங்கச்சி, பாஸ்போட்ட அலுமாரியில இருந்து எடுக்கட்டா?" என்பார். முதல் வாரம் எனக்கும் சிரிப்பு வந்தது.

2. லெமினேட் சிக்கனம்

என்னைப் பொறுமையிழக்க வைத்தவை பல. எல்லாவற்றையும் எழுத இடமில்லை.

பாஸ்வேட் இரகசியமாக இருக்க வேண்டும் என்றேன். மறுநாள் அது பொதி அறைச் சுவரில் சோக்கால் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. யாரும் மறக்கக் கூடாதாம். பதிவு போடக் கொடுத்த டெப்பை, அந்தக் கையடக்கக் கணினியை, உப்புக் கையால் தொடாதீர்கள் என்றேன். அதைப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டிவிட்டார்கள். பிறகு சார்ஜ் ஏற்ற முடியாமல் பையை வெட்ட வேண்டியிருந்தது.

ஆனால் பெரிய சண்டை தட்டுகளைப் பற்றியது. மரச்சட்டத்தில் வலை கட்டிய தட்டுகளில்தான் மீனைக் காய வைப்பார்கள். ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் படாத நம்பர் அட்டை வேண்டும் என்று கேட்டேன். நானா சம்மதிக்கவில்லை. வரிசைக்கு ஒரு அட்டை, அதைக் கம்பத்தில் கட்டினால் போதும் என்றார்.

"எல்லாத் தட்டுக்கும் எதுக்குத் தங்கச்சி லெமினேட்? தட்டுக்குக் கால் முளைச்சி நடக்கவா போகுது?"

திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் கம்பத்தில்தான் கட்டினோம்.

3. கால் முளைத்தது

தர அதிகாரி வந்தார். அமைதியான பெண், சிங்களத்தில்தான் அதிகம் கதைத்தார். பொதி அறையைப் பார்த்துத் தலையாட்டினார். அப்போது கடல் பக்கம் இருண்டது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மழை விழுந்தால் யாருடைய மீன் என்று யாரும் பார்ப்பதில்லை. கைக்கு வந்த தட்டைத் தூக்கி, கிட்டே உள்ள கொட்டகைக்குள் வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வருவார்கள். எங்கள் வாடிக்குப் பக்கத்து வாடி அந்தோனி அண்ணனுடையது. வியாபாரத்தில் இருவரும் போட்டிக்காரர்கள். மழையில் மட்டும் ஒரே வாடி.

முதல் துளி விழுந்ததும் நபீசா ராத்தாவும் மற்றப் பெண்களும் கையுறையோடு வெளியே பாய்ந்தார்கள். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார். வாசலில் நானும் அதிகாரியும் மட்டும் நின்றோம். எங்கள் தட்டுகள் அந்தோனி அண்ணனின் கொட்டகைக்கும், அவருடைய தட்டுகள் எங்களுடையதற்கும் போவதை இருவரும் பார்த்தோம். நம்பர்கள் கம்பங்களில் நனைந்துகொண்டிருந்தன.

மழை விட்டதும் நானா நனைந்த கோழி போல, ஆனால் மிகவும் சந்தோஷமாக வந்தார். ஒரு மீன்கூட நனையவில்லை. அதிகாரி கொட்டகைக்குள் போய், மேலே இருந்த தட்டைத் தொட்டு, இது எந்த பாட்ச், எந்தப் படகின் மீன் என்று கேட்டார்.

நானா என் பக்கம் சாய்ந்தார். "ஏதாச்சும் ஒரு நம்பரச் சொல்லுங்க. அவவுக்கு என்ன தெரியப் போகுது?"

நபீசா ராத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

எனக்குத் தெரியாது என்று அதிகாரியிடம் சொன்னேன். இது எங்களுடைய தட்டா என்பதே நிச்சயமில்லை என்றும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். இன்னொரு முறை வருவேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

"படிச்ச பிள்ளண்டு கூட்டி வந்தா, எங்கட கடைய நீங்களே மூடிட்டீங்க," என்றார் நானா.

"இதத் திண்டு ஒருத்தருக்கு வயித்து வருத்தம் வந்தா எந்தத் தட்டுண்டு தேடுவீங்க நானா? அந்தோனி அண்ணன்ட கொட்டகையிலயா?"

அவர் ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டு வெளியே போனார். நபீசா ராத்தா அன்றைக்குப் பாஸ்போட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

4. சிவப்பும் பச்சையும்

நானாவின் முதல் தீர்வு தடை. இனி அடுத்தவன் தட்டை யாரும் தொடக் கூடாது. அந்தச் சட்டம் அடுத்த மேகம் வரை நின்றது. முதலில் ஓடியவர் நானாதான்.

ஓட்டத்தை நிறுத்த முடியாது என்று எனக்கு அப்போது உறுதியானது. ஆகவே சிஸ்டத்தை மாற்றினேன். நம்பர் கம்பத்திலிருந்து தட்டுக்கு வந்தது. எங்கள் தட்டுகளுக்குச் சிவப்புக் கயிறு, அந்தோனி அண்ணனுடையவற்றுக்குப் பச்சை. டெப்பில் "மழை" என்று ஒரு பட்டன். ஓடும்போது யாரும் டெப்பைத் தொடமாட்டார்கள் என்பதால் அது மழை விட்ட பிறகு அழுத்துவதற்கானது. அழுத்தினால் வெளியே இருந்த எல்லாத் தட்டும் பொதி அறைக்குப் போகாதபடி சிஸ்டத்தில் தடுத்து வைக்கப்படும். ஒவ்வொன்றாக நம்பர் பார்த்தே விடுவிக்கலாம். நம்பர் விழுந்துபோன தட்டு பைக்கற்றுக்குப் போகாது, சந்தைக்குப் போகும்.

"போட்டிக்காரன்ட தட்டுக்கும் நம்மட செலவுல கயிறா?" என்றார் நானா.

வேலிக்கு அப்பாலிருந்து அந்தோனி அண்ணன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ரியாஸ், கயித்துக்கு இவ்வளவு கதையா? நான் வாங்கிறன். உன்ட தட்டுக்கும் சேத்து வாங்கட்டா?"

நானா அன்று பின்னேரமே இரண்டு நிறத்திலும் கயிறு வாங்கிவிட்டார்.

அதிகாரி இரண்டாம் முறை வந்த நாளில் வெயில் கொளுத்தியது. இப்போது மழை வந்ததாக நினைத்துச் செய்து காட்டுங்கள் என்றார். பெண்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்களே தவிர ஒருவரும் அசையவில்லை. நானா பொறுமையிழந்து, வெளியே போய், "மழை!" என்று கத்தினார். உடனே எல்லோரும் ஓடினார்கள். சோதனை என்று தெரியாத அந்தோனி அண்ணனின் ஆட்களும் ஓடி வந்தார்கள். தட்டுகளெல்லாம் உள்ளே போன பிறகு அந்தோனி அண்ணன் வானத்தைப் பார்த்தார். "ரியாஸ், மழை எங்க?"

அதிகாரி எங்கள் கொட்டகையில் ஒரு தட்டைக் காட்டினார். நபீசா ராத்தா கயிற்றைப் பார்த்து, இது எங்களுடையது இல்லை என்றார். பக்கத்துக் கொட்டகையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய ஒன்றைக் கொண்டு வந்து, "மழை" பட்டனை அழுத்திவிட்டு நம்பரை டெப்பில் அடித்தார். படகு, உப்புப் போட்ட நாள், வரிசை எல்லாம் வந்தன. அதிகாரி கையொப்பமிட்டார்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு கம்பனிக்கு சிஸ்டம் வரைவதற்கு முன், அங்கே மழை பெய்யும் நாளில் ஒருமுறை போய் நில்லுங்கள். முதலாளி சொல்லும் வேலை வேறு, அன்றைக்கு நடக்கும் வேலை வேறு.

போன மாதம் நபீசா ராத்தா எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். வழக்கம்போல டெப் பழுதென்றே நினைத்துக் கேட்டேன்.

"தங்கச்சி, பாஸ்போட் தவணை முடிஞ்சிட்டு. நான் புதுப்பிக்கல்ல. அதால நீங்க அந்த டெப்ப நல்லாப் பாத்துக்கங்க."