முகத்துவாரத்தில் எத்தனை பாகம்?

ஞாயிறு காலை ஆறு மணி. கொருக்குப்பேட்டையிலிருந்து நானும் என் மகள் கயலும் கிளம்பினோம். எண்ணூர் வரைக்கும் பஸ்; அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். போகிற இடம் முகத்துவாரக்குப்பம். ஆறு கடலில் சேருகிற இடம். அங்கே என் மனைவியின் தம்பி செல்வம் படகு வைத்திருக்கிறான்.

எதற்குப் போனோம் தெரியுமா, பிள்ளைகளே? அந்தக் குப்பத்தில் அரசாங்கத்திலிருந்து ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார்கள். செல்வம் தினமும் படகு விடுகிற கால்வாய் அதில் இல்லை. 'காலி நிலம்' என்று போட்டிருந்தது. அப்படியே விட்டால் மண் கொட்டி மேடாக்கிவிடுவார்கள். படகு கடலுக்குப் போக வழியிருக்காது. ஆட்சேபம் சொல்லத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். அதற்குள் கால்வாயின் ஆழத்தை நாங்களே அளந்து எழுதிக் கொடுக்கத்தான் போனோம்.

பஸ்ஸில் கயலுக்கு நான் நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். அட்லாண்டிக் கடல் நடுவில் டிரிஸ்டன் டா குன்யா என்று சில தீவுகள். கிட்டே வேறு கரையே கிடையாது. 1656இல் டச்சுக்காரர்கள் கப்பலில் போய் அவற்றுக்கு வரைபடம் போட்டார்கள். கப்பல் ஒதுங்க நல்ல துறை இல்லை, மனிதரும் இல்லை. ஆனாலும் வரைந்தார்கள். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, கயிற்றைக் கைவிரிப்பால் அளந்து ஆழம் பார்ப்பது அந்தக் கால மாலுமிகளின் வழக்கம்.

"ஆளே இல்லாத பாறைக்குப் படம் கீது. நம்ம மாமா ஆத்துக்கு இல்லியா நைனா?" என்றாள் கயல்.

ஏழரை மணிக்குப் படகில் ஏறினோம். கைவிரிப்புக் கதையைக் கேட்டுச் செல்வம் சிரித்தான். "அத்த நாங்க பாகம்னு சொல்லுவோம் மாமா. டச்சுக்காரன் புச்சா இன்னா கண்டுகினான்?"

அவன் கயிற்றில் குண்டு கட்டி இறக்கி அளந்து சொல்ல, கயல் ஒரு தாளில் எழுதினாள். 'நண்டு மடு' என்கிற இடத்தில் தானே அளப்பேன் என்று அவள் கயிற்றை வாங்கினாள். அவன் இரண்டு என்றது அவளுக்கு மூன்று ஆனது.

"கோயிக்குஞ்சு ரெக்கய வெச்சு அளந்தா கால்வாயே கடலாயிடும் பாப்பா!"

மூன்றை அடித்துவிட்டுத் தாளின் அடியில் எழுதினாள்: 'ஒரு பாகம் என்பது செல்வம் மாமா கை விரித்த அளவு.'

திங்கள் காலை பத்தரை. நானும் செல்வமும் ஆட்சேபம் வாங்குகிற அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். எழுத்தர் கயல் எழுதிய தாளைப் பார்த்துவிட்டுத் தள்ளினார்.

"பாகம்னா என்னய்யா கணக்கு? மீட்டர்ல போட்டுக் கொண்டா."

செல்வம் இரண்டு கையையும் விரித்தான். "இதான் சார். டேப்பு கீதுல்ல, அளந்துக்க. நீ எயுதற வரிக்கும் கைய எறக்க மாட்டேன்."

பின்னால் நின்றவர்கள் நகர முடியவில்லை. ஆனால் ஒருவரும் அவனைத் திட்டவில்லை. "அளங்க சார்" என்றது ஒரு குரல். எழுத்தர் எழுந்து வந்து டேப்பைப் பிடித்தார். ஒன்று புள்ளி ஏழு இரண்டு மீட்டர். கயலின் எழுத்துக்குப் பக்கத்தில் அதை எழுதி, முத்திரை குத்தினார்.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் கோப்பில் இப்போது எங்கள் கால்வாய் ஆழத்தோடு இருக்கிறது. இனி யாராவது காலி நிலம் என்று எழுத நினைத்தால், முதலில் செல்வத்தின் கைகளை அழித்தாக வேண்டும்.