வாழைப்பழப் பெட்டிகளில் போன எழுத்து

டென்மார்க்கில் பிராண்டே என்ற சிற்றூரில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்தபோது, செடிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான ஆங்கிலேயப் பெண் தனியாக இருக்கிறார், அவருடைய டெனிஷ் கணவர் இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். என் கணவருக்குக் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில். இரண்டு பேருக்கும் ஷிப்ட். அதனால் வேலியடியில் நின்று கதைக்க நேரம் கிடைப்பதே அரிது.

ஒருநாள் அவருக்கு வந்த பொதி ஒன்றைத் தபால்காரர் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே அதைப் பிரித்தார். உள்ளே ஒரே புத்தகத்தின் பல பிரதிகள். பின் அட்டையில் அவருடைய இளவயதுப் படம்.

"நீங்களா எழுதினது?" என்று கேட்டேன்.

"ஓம். பொய் சொல்லுறதுதான் என்ர தொழில். இதைச் சொன்னால் இந்த ஊரில ஆக்கள் பயந்திடுவினம் எண்டு சொல்லேல்லை" என்றார்.

நாங்கள் டெனிஷில்தான் கதைப்போம். அந்த மொழியில் நீ, நீர், நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 'டு'தான். ஆனாலும் என் காதில் அவர் என்னை 'நீர்' என்று சொல்வதாகவும், நான் அவரை 'நீங்கள்' என்று சொல்வதாகவும்தான் விழும். அப்படியே எழுதுகிறேன். அவருடைய பேர் மட்டும் வேண்டாம்.

அந்தப் புத்தகத்தை அகராதியோடு இருந்து படித்து முடித்தேன். கடற்கரை ஊர் ஒன்றில் வாடகைக்கு அறைகள் விடும் இரண்டு சகோதரிகளின் கதை. இளையவள் சாகும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் அன்று சமைக்கவில்லை. கணவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன, ஆருக்கும் ஏதும் நடந்ததோ?" என்று கேட்டார். புத்தகத்தில் நடந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு வசந்தத்தில், இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாவலாசிரியையின் கடிதங்கள், நாட்குறிப்புகள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் காப்பகம் ஏற்றுக்கொள்ள இருந்தது. தோட்டத்தைப் பார்த்த அறை ஒன்றில் அவை கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. வந்தவர் ஒரு வாரம் அங்கேயே இருந்து அடுக்கினார். துருப்பிடித்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டார். சாம்பல்நிற அட்டைப்பெட்டிகளின் மேலும் தாள்களின் மூலையிலும் பென்சிலால் இலக்கமிட்டார். ஒருநாள் நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி போய்க் கைகழுவிவிட்டு வந்து காகிதத்தைத் தொட்டார்.

"இதெல்லாம் இனி குளிர்ந்த, இருட்டான இடத்தில இருக்கும். நாங்கள் எல்லாரும் போன பிறகும் இருக்கும்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

பெட்டிகளை ஏற்றிப்போக லொறி இலையுதிர்காலத்தில் வருவதாக ஏற்பாடு.

லொறி வருவதற்கு முந்திய சனிக்கிழமை நாவலாசிரியை வேலியடியில் நின்று கூப்பிட்டார். "உங்கட ட்ரெய்லரைக் கொஞ்சம் தருவீரோ? பழைய பேப்பர் கிடக்கு. எறியவேணும்."

கணவர் ட்ரெய்லரைக் காரில் கொளுவித் தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நாவலாசிரியையின் கராஜுக்குள் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய வாழைப்பழப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பழைய பத்திரிகை பரப்பியிருந்தது. எல்லாவற்றையும் நான்தான் ஏற்றினேன். பத்திரிகைக் கட்டுக்கு இவ்வளவு பாரமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவர் முன் சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் போல நேராகப் பார்த்தபடி இருந்தார்.

கென்புருஸ்பிளாஸுக்குப் போனோம். குப்பையை வகைவகையாகப் பிரித்துப் போடுவதற்கு ஊர்ச்சபையான கொம்யூன் நடத்தும் இடம் அது. சனிக்கிழமையில் அரைவாசி ஊர் அங்கேதான் நிற்கும். காகிதத்துக்கான கொள்கலன் ஒரு மேடையின் கீழே இருந்தது. மேலே நின்று கொட்டவேண்டும். முதல் பெட்டியைத் தூக்கிச் சரித்தேன். பத்திரிகை முதலில் போனது. அதன் பின்னால் நீல மையில் எழுதிய தாள்கள் போயின. பிறகு ஒரு கறுப்பு நாட்குறிப்பு, இன்னொன்று, இன்னொன்று. காற்றில் ஒரு தாள் திரும்பி வந்து என் சப்பாத்தில் ஒட்டியது. குனிந்து எடுத்தேன். மூலையில் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தது. அந்தக் காப்பகப் பெண்ணின் கையெழுத்து.

கையில் பெட்டியோடு அப்படியே நின்றேன். பின்னால் காத்து நின்ற ஒருவர் ஏதோ கேட்டார். அது காதில் விழுந்தது, விளங்கவில்லை.

"இது... இது உங்கட எழுத்தெல்லோ?"

"ஓம்."

"மாறி வந்திட்டுது! பெட்டி மாறி வந்திட்டுது!" நான் கத்தினேன் போலிருக்கிறது. பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்டும் மாறேல்லை. கத்தாதேயும். நான்தான் நிரப்பினன்" என்றார்.

"அவ ஒரு கிழமை இருந்து அடுக்கினவா. லொறி வரப்போகுது."

"வரட்டும்."

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "நான் எறியமாட்டன். என்னால ஏலாது" என்றேன். மகளின் நர்சரிப் படங்களையே எறிய மனமில்லாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறவள் நான்.

அவர் என்னோடு வாதாடவில்லை. அங்கே வேலைசெய்த செம்மஞ்சள் சட்டைக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வயதான பெண் உதவி கேட்டால் யார்தான் மறுப்பார்? அவர் சிரித்த முகத்தோடு வந்து, காலநிலையைப் பற்றிக் கதைத்தபடி, ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தார். ஒரு மனிசியின் வாழ்க்கை முழுவதும் பீட்சா அட்டைகளுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் மேல் விழுந்துகொண்டிருந்தது. கொட்டியவருக்கு அது தெரியாது. கடைசிப் பெட்டிக்கு முன்னால் அவரை வேறு யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். நாவலாசிரியை தானே குனிந்து அதைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய முழங்கால் ஆடியது. முதியோர் இல்லத்தில் வேலைசெய்து பழகிய உடம்பு யோசிப்பதில்லை. ஓடிப்போய் அவரைப் பிடித்தேன், பெட்டியை வாங்கினேன். வாங்கிய பிறகு என்ன செய்வது? அவர் என்னைப் பார்த்தார். நான் கொட்டினேன்.

இருவரும் காருக்குள் ஏறினோம்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பரெல்லாம் குழம்பிக் கிடந்த வரைக்கும் நான் ஒண்டையும் திரும்பிப் படிக்கேல்லை. அந்தப் பிள்ளை நல்லா அடுக்கித் தந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் வருசப்படி இருந்து படிச்சன். என்ர தங்கச்சி சாகேக்க நான் பக்கத்தில இருந்தனான். அவளின்ர மூச்சு எப்பிடி இழுபட்டது, கை எப்பிடித் துணியைப் பிடிச்சது எண்டு அந்த இடத்திலயே இருந்து எழுதியிருக்கிறன். கதைக்கு உதவுமெண்டு. பக்கத்தில ஒரு கோடும் போட்டிருக்கிறன், இது நல்ல வசனம் எண்டு."

இளையவள் சாகும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் சமைக்காமல் இருந்த அந்த நாள் நினைவுக்கு வந்தது.

"புத்தகம் இருக்கு. அது காணும். அதை எழுதினவளை ஆரும் பார்க்கத் தேவையில்லை" என்றார்.

அன்று இரவு கணவரிடம் சொன்னபோது, "அவவின்ர சாமான், அவ எறியிறா. நீ ஏன் அழுகிறாய்?" என்று கேட்டார். திங்கட்கிழமை கென்புருஸ்பிளாஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். காகிதக் கொள்கலன் நிரம்பி, ஞாயிறன்றே அதை ஏற்றிப்போயாயிற்று என்றார்கள்.

காப்பகப் பெண் லொறிக்கு ஒருநாள் முன்னதாக வந்தார். நாவலாசிரியை என்னையும் வந்து இருக்கச் சொல்லியிருந்தார். அறைக்குள் சாம்பல்நிறப் பெட்டிகள் அதே ஒழுங்கில் இருந்தன. வந்தவர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தூக்கினார். பாரமில்லாததால் அது அவர் கையில் துள்ளி எழும்பியது. மூடியைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். பிறகு மூடியைத் திறக்காமலே ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டே போனார். அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

நாவலாசிரியை நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தங்கச்சியின் விஷயத்தையும் சொன்னார்.

அந்தப் பெண் கோபப்படுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மெதுவாக, ஏதோ கெட்ட செய்தியை வீட்டுக்காரருக்கு அறிவிக்கிற மாதிரிச் சொன்னார்: "ஆனால் நீங்கள் எழுதின கடிதங்கள் எங்களிட்ட இருக்கே."

"என்ன கடிதம்?"

"உங்கட சிநேகிதிக்கு எழுதினது. அவ இறந்த பிறகு அவவின்ர பிள்ளைகள் தந்தவை. முப்பது, நாற்பது வருசக் கடிதங்கள். உங்கட முகவரியே அதிலயிருந்துதான் எங்களுக்குக் கிடைச்சது. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

நாவலாசிரியையின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் பாவாடையில் ஊற்றியது. சூடு பட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. நான் துணி எடுத்து ஒற்றினேன்.

"தங்கச்சி செத்த கிழமை எழுதினது?"

"அதுவும் இருக்கு."

"திருப்பித் தாருங்கோ."

"அது உங்கட இல்லை. அவவுக்குக் குடுத்தது."

வாழ்நாள் முழுவதும் கடிதம் எழுதிய ஒருவருக்கு, எழுதிய கடிதம் தன் வீட்டில் இருக்காது என்பது தெரியாமலா போகும்? தெரிந்துதான் இருந்திருக்கும். நினைக்கவில்லை, அவ்வளவுதான். கோப்பையை மேசையில் வைத்தார். "அப்ப நான் சும்மா முதுகை முறிச்சிருக்கிறன்" என்றார். தரையில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதார். அடுத்த நாள் லொறி வெறும் பெட்டிகளோடு போனது.

அந்த வசனம் என்னை விடவில்லை. அவவுக்குக் குடுத்தது. நான் டென்மார்க்குக்கு வரமுன்பே என் அம்மா இறந்துவிட்டார். போரில் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த வீடு பிறகு தரைமட்டமாகிவிட்டது. அம்மாவின் கையெழுத்தென்று என்னிடம் ஒரு துண்டும் இல்லை. எல்லாம் போய்விட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஆனால் அம்மா மாதம் தவறாமல் கொழும்பிலிருந்த சித்திக்கு எழுதினவர். அந்தக் கடிதங்கள் எங்கள் வீட்டில் இருந்திருக்கவே முடியாது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சித்திக்கு அழைத்தேன்.

"ஓம் பிள்ளை, அக்கா எழுதினதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள வைச்சிருந்தனான்" என்றார். "போன வருசம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கேக்க பார்த்தன், கறையான் ஏறத் தொடங்கிட்டுது. எரிச்சுப்போட்டன். ஏன் பிள்ளை? ஒருநாளும் நீ கேக்கேல்லையே."

சுகம் விசாரித்துவிட்டு வைத்தேன். பின்கதவால் வெளியே போய் வேலியடியில் நின்றேன். நாவலாசிரியை அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். சொன்னேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நான் சற்றும் எதிர்பாராத விதமாக, விம்மி அழத் தொடங்கினார். தன் வாழ்க்கை முழுவதையும் கொள்கலனுக்குள் கொட்டிவிட்டுக் கண் கலங்காமல் திரும்பியவர், பார்த்தேயிராத ஒரு பெண்ணின் கடிதங்களுக்காக, விளக்குமாற்றைப் பிடித்தபடி அழுதார். நான்தான் அவரைத் தேற்றவேண்டியிருந்தது.

"என்ரயை நானே எறிஞ்சன். இது வேற. இது வேற" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உள்ளே கூட்டிக்கொண்டுபோய் என்னை மேசையில் இருத்தினார். "உம்மட அம்மாவின்ர எழுத்து எப்பிடி இருக்கும்?" என்று கேட்டு ஒரு பேனையைத் தந்தார். மேசையில் கிடந்த சுப்பர்மார்க்கெட் விளம்பரத்தின் வெள்ளை ஓரத்தில், அம்மா நீட்டி வளைக்கும் 'ழ'வை எழுதிப் பார்த்தேன். அது என் எழுத்தாகத்தான் வந்தது. பக்கத்தில் இன்னொன்று எழுதினேன்.