மனசுக்குள் போட்ட கொத்து

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் என்னைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, "வலது கைய அசைக்க வேணாம் அண்ணன், அசைக்கிறதா நினைங்க" என்றபோது, நாட்டின் தட்டுப்பாடு இதற்கும் வந்துவிட்டது என்றுதான் நம்பினேன். பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, அதற்கு மேல் கரண்ட் வெட்டு. கையைச் சுகப்படுத்தும் மெஷினும் கப்பலில் வரவில்லை, ஆகவே நோயாளிகளை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்! மிஸ்ஸின் கழுத்தில் ஒரு ஸ்டொப் வோச் தொங்கும். எங்களை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்க்கத்தான் அது என்றும் நினைத்தேன்.

நான் களுதாவளையில் மச்சானோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். பதினெட்டு வருடமாகக் கொத்து ரொட்டி போட்ட ஆள். கைக்கொரு தகடு பிடித்துச் சூட்டுக் கல்லில் நான் தட்டும் தாளத்தைக் கேட்டே பஸ்ஸை நிறுத்தியவர்கள் உண்டு. ஒரு காலையில் மா பிசைந்துகொண்டிருந்தபோது வலது கை என்னைக் கேளாமலே ஓய்ந்துபோனது. பாரிசவாதம். வாயும் கோணிப் பேச்சுக் குழறியது, ஆனால் பேச்சு பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. "அது கொஞ்சம் பிந்தியே வந்திரிக்கலாம்" என்றாள் என் மனுசி.

சிரித்தேன். ஆனால் விடிந்ததும் கண்ணைத் திறக்காமலே இடது கையால் வலது கையைத் தடவி, இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் இடது கையும் விறைத்துப்போயிருந்தது. இரண்டும் போச்சுது என்று நான் வைத்த ஒப்பாரியில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வந்துவிட்டார். "கைக்கு மேல நீங்கதான் படுத்துக் கிடக்கிறீங்க, எழும்புங்க" என்றாள் மனுசி. உண்மையான பயம் வேறு. என் கல்லில் இப்போது மச்சான் நின்றார். சாப்பிட்டவர்கள் "முந்தின மாதிரியேதான் இரிக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலில் எனக்குக் கேட்டது, நான் இல்லாமலும் கடை ஓடும் என்பதுதான்.

பிசியோ மிஸ் பட்டணத்துப் பறங்கியர் வீட்டுப் பிள்ளை. வயதில் என்னைவிட இளையவர். ஏசுவதையும் சிரித்துக்கொண்டே ஏசுவார். ஒரு முட்டைக் கொத்தைத் தொடக்கத்திலிருந்து மனசுக்குள் போட்டு, முடிந்ததும் 'ஓம்' சொல்லச் சொன்னார். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிறது. கண்ணை மூடினேன், "ஓம்" என்றேன்.

"பன்னிரண்டு செக்கன்" என்றார் மிஸ். "உங்கட கடையில ஒரு கொத்துக்கு நான் நாலு நிமிசம் நிண்டிரிக்கன் அண்ணன். மனசுக்குள்ளயும் கள்ளம் செய்யிற ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன்."

அடுத்த கதிரையில் வெல்லாவெளி விவசாயி ஒருவர், இடுப்பு வலிக்காரர். "மிஸ், அவ்வளவு கெதியா வருமெண்டா எனக்கும் ஒரு பார்சல் கட்டச் சொல்லுங்ககா" என்றார்.

மறுபடி மூடினேன். என்ன தெரிகிறது என்று கேட்டார். "நான்தான் தெரியிறன் மிஸ். கல்லுக்கு முன்னால நிக்கிறன். தலையில மயிரும் இரிக்கு."

"எந்தப் பக்கத்தால பாக்கிறீங்க?"

யோசித்தேன். "றோட்டுப் பக்கத்தால."

"அப்ப நீங்க கொத்து வாங்க வந்த ஆள். வாங்க வந்தவர்ர கைக்கு என்னத்துக்குப் பயிற்சி? உள்ளுக்குப் போய் நில்லுங்க. தகட்டுட பாரம் கையில தெரியோணும்."

போனேன். கல்லின் சூடு முகத்தில் அடித்தது. இடது தகடு தானாகத் தொடங்கியது. வலதைத் தூக்கினேன், வரவில்லை. இடது மூன்று தரம் தட்டிய பிறகும் வலது பாதி உயரத்தில் நின்று நடுங்கியது, மணிக்கட்டு திரும்பவில்லை. சேட்டு வேர்வையில் நனைய, கண்ணைத் திறந்து கத்தினேன்: "மிஸ், மனசுக்குள்ளயும் வாதம் வந்திட்டு!"

மிஸ் வோச்சைப் பார்த்தார். ஏழு நிமிடம். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசம். "இண்டைக்குத்தான் உண்மையாச் செய்திரிக்கீங்க. றோட்டில நிண்டு படம் பாக்கிற மாதிரிப் பாத்தா கை இலேசா ஓடும். உள்ளுக்கு நிண்டாத்தான் அது இப்ப எப்பிடி இரிக்கெண்டு தெரியும். கை வேலை செய்யக்குள்ள மூளையில முழிக்கிற இடங்கள்ல கனக்க இடம், அப்பிடி நினைக்கக்குள்ளயும் முழிக்கும். ஒவ்வொரு நாளும் எழுப்புங்க. மறுகா கைப்பயிற்சியையும் விட வேணாம்."

எனக்கு ஆறுதல் வரவில்லை. கையை இழந்தவன் நினைவிலாவது அதை வைத்திருப்பான். எனக்கு அங்கேயும் இல்லையே என்றுதான் பஸ் முழுக்க யோசித்தேன், வழியில் வரும் வாவி எப்போது முடிந்தது என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் தினமும் கடைக்குப் பின்னால் கதிரை போட்டுக் கண்ணை மூடினேன். "அத்தான், உங்கட கொத்து முடிஞ்சா சொல்லுங்க, ஆக்கள் நிக்கிறாங்க" என்பார் மச்சான். முடியவில்லை என்று சொல்லப் பயந்து, முடிந்துவிட்டது என்பேன். மிஸ்ஸிடம் மட்டும் பொய் சொல்லவில்லை. ஏழு நிமிடம் ஆறானது. ஒரு கிழமை திரும்பவும் எட்டானது. அந்தக் கிழமை நான் சோறு தின்னவில்லை. ஐந்தில் நிற்கும்போது மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. போகிற அன்று, "பயம் வந்தா வரட்டும் அண்ணன், றோட்டுப் பக்கம் மட்டும் ஓடிராதீங்க" என்றார்.

மிஸ் போய் இரண்டு மாதத்தில் உண்மையாகவே கல்லுக்கு முன்னால் நின்றேன். வலது தகடு இரண்டு தரம் கீழே விழுந்தது. இப்போது பின்னேரத்தில் ஆறு கொத்து போடுகிறேன். ஏழாவதில் மணிக்கட்டு நின்றுவிடும். மிச்சத்தை மச்சான் போடுகிறார்.