அக்காவைப் பற்றி இரண்டு நிமிடம்

எங்கள் எக்ஸ்ரே அறையில் அவளுக்கு 'மூச்சு' என்று பெயர். நாள் முழுக்க "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை. அதற்கு ஆங்கிலத் தேர்வு உண்டு. படிப்பது, எழுதுவதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. வாயைத் திறந்தால்தான் வம்பு. தேர்வாளர் எதிரே உட்கார்ந்து, அவர் தரும் தலைப்பில் இரண்டு நிமிடம் தடங்கலில்லாமல் பேச வேண்டும்.

பயிற்சி மையத்து மாஸ்டர் ஒரு வழி சொன்னார். "உண்மையத் தேடிட்டு இருந்தாத்தான் திக்கும். கதை கட்டுங்க, மனப்பாடம் பண்ணுங்க. கொஞ்சம் சோகம் சேத்துக்குங்க, தானா வரும்." அந்த ஆளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நோயாளிகள் இல்லாத நேரத்தில் கனத்த கதவை மூடிக்கொண்டு அவள் கதை கட்டினாள். நான்தான் தேர்வாளர். தன் வீட்டுக்கு நீலக் கதவு என்றாள். அந்த வாரமே வீட்டு ஓனர் வந்து கதவுக்கு நீலம் அடித்தார். விழுந்து விழுந்து சிரித்தோம். ஜன்னலுக்கு எதிரே ஒரு மொட்டை மரம் என்றாள்; பச்சைப் பசேலென்று நின்ற மரம் இலையெல்லாம் கொட்டியது. "காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைடி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஏனென்றால், 'உங்கள் வாழ்வில் முக்கியமானவர்' என்ற தலைப்புக்காக அவள் அக்காவைச் சாகடித்திருந்தாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவள் அந்த அக்கா. ஓயாத வாய், தெருவே 'ரேடியோ' என்றுதான் கூப்பிடும். கதையில் அவள் இருமி இருமி, குரல் போய், இறந்துபோகிறாள். சொல்லிச் சொல்லி அது தேனாக ஓடியது.

பிறகு ரேடியோ இருமத் தொடங்கினாள். எங்கள் அறையிலேயே படம் எடுத்தோம். நெஞ்சில் ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். ஆனால் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது.

தேர்வன்று துணைக்குப் போனேன். வெளியே வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"அதே தலைப்புதான் வந்துச்சு. அந்தக் கதையச் சொல்லலடி. அக்கா நல்லா இருக்கா, போனதும் கதவத் திறந்து 'வந்துட்டியா, சாப்பிட்டியா, கைய கழுவிட்டு வா'ன்னு சொல்லுவான்னு சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை திக்குச்சு. அதுக்கு மேல ஒண்ணும் வரல. என் படிப்பு போச்சு."

"போனா போகட்டும். வா, வீட்டுக்குப் போலாம்."

நீலக் கதவைத் தட்டினோம். அக்காவே வந்து திறந்தாள். இருமல் இல்லை, முகத்தில் சோர்வு இல்லை. மூச்சு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வந்து... வந்துட்டியா" என்றாள் ரேடியோ. வெகுநேரம் யோசித்தாள். "சாப்... சாப்பிட்டியா. கைய... கைய..."

அடுத்த வார்த்தை தெரியாமல் தங்கையின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். மூச்சு அழுகையை நிறுத்திவிட்டு மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

"கழுவிட்டு வா."

அக்கா அதைத் திருப்பிச் சொன்னாள். அதற்கு மேல் அவளிடம் பேச்சு இல்லை.