மாதா நவநாளும் நான் வடிவமைத்த புரதமும்

முதலில் வீங்கியது கணுக்கால். செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையவில்லை. பிறகு காக்ஸ் டவுன் வீட்டில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பரிசோதனைகள் முடிந்து நோயின் பெயரைச் சொன்னார்கள்: அமிலாய்டோசிஸ் (தவறாக மடிந்த புரதம் உறுப்புகளில் படியும் நோய்). எனக்கு இதயத்தில் படிந்திருந்தது.

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. புரதம்தான் என் பிழைப்பு. இயற்கையில் இல்லாத புரதங்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு வடிவமைக்கும் ஆய்வகத்தில் வேலை. பிளாஸ்டிக்கைச் சிதைக்க ஒன்று, பாம்பு விஷத்தை முறிக்க ஒன்று.

கீமோ (அந்தப் புரதத்தைச் சுரக்கும் செல்களை அழிக்கும் சிகிச்சை) தொடங்கும் முன்பே, என் நோய்ப் புரதத்தின் அமினோ அமில வரிசையை (புரதம் கோக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு) கேட்டு வாங்கினேன். அதைக் கவ்விப் பிடிக்கும் புரதம் ஒன்றைக் கணினியில் வடிவமைத்தேன். கணினி அதற்குத் தந்த மதிப்பெண் அபாரம். ஆய்வகத்தில் செய்து பார்க்க இரண்டு வாரம் வேண்டும். சோதனைக் குழாயில் வேலை செய்தாலும் மருந்தாகப் பல வருடம் ஆகும் என்று மாணவர்களுக்குச் சொல்பவள் நான். எனக்கு மட்டும் புத்தி வேலை செய்யவில்லை.

அந்த இரண்டு வாரத்துக்காக டாக்டரிடமும் கணவர் அருளிடமும் பொய் சொன்னேன். "மாதா திருவிழா வரட்டும். ஒம்போது நாள் நவநாள் ஜெபம் முடிச்சிட்டு கீமோ ஆரம்பிக்கலாம்."

"நீங்க தள்ளிப் போடலாம்மா. ஹார்ட் தள்ளிப் போடாது" என்றார் டாக்டர்.

கோயில் பக்கமே போகாதவள் கேட்கிறாளே என்று அருளுக்கு மகிழ்ச்சி. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்தி, ஒன்பது நாளும் என்னை ஆட்டோவில் சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார். அவர் முழங்காலில் நின்றார். நான், என் புரதத்தைச் செய்து பார்த்துக்கொண்டிருந்த ஆய்வகத் தோழி ஃபர்ஹீனின் செய்தி வந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் முதல் படுத்தால் மூச்சு முட்டியது.

திருவிழா முடிந்த மறுநாள் அவள் அழைத்தாள். "அக்கா, சரியா மடியவே இல்ல. எல்லாம் கட்டி கட்டியா ட்யூப் அடியில தங்கிருச்சு."

அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஒம்போது நாளும் நீ ஜெபிக்கவே இல்லையா?"

"இல்ல."

"நான் ஜெபிச்சேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு: தள்ளிப் போடாதீர்கள். கீமோ புதிய படிவை நிறுத்தியது. ஏற்கெனவே படிந்ததில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு படிந்தது என்று டாக்டரைக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

மீண்டும் வேலைக்குப் போகிறேன். கணினி ஒரு மணி நேரத்தில் ஆயிரம் வடிவம் தருகிறது. அதற்குள் நான் ஒரு தெரு நடந்து, இரண்டு முறை உட்காருகிறேன். போன வாரம் வேறொரு நோயாளியின் புரதத்துக்கு நான் வடிவமைத்தது குழாயில் கட்டியாகாமல் தெளிவாக நின்றது. மருந்தாகி வரும்போது நான் இருப்பேனா, தெரியாது. அந்த நோயாளி கீமோ தொடங்கிவிட்டாரா என்று மட்டும் கேட்டேன்.